காய்ச்சிய தண்ணீர், காய்ச்சுப்போன கை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் அப்படி எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் இந்தத் தடவை நலத்தைப் பாதியாகத்தான் எழுதுகிறேன். என் உடம்பு பரவாயில்லை, முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்பா எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார், வழக்கம்போல் கோபித்துக்கொள்கிறார், ஆகவே அவர் உயிருக்கு ஒன்றும் இல்லை. உன் நலத்தைத்தான் நான் நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன், வேலை இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். வீடியோவில் வந்தாலும் முகத்தைக் காட்டுகிறாய், எனக்கு இப்போது உன் முகம் வேண்டாம், உள்ளங்கை வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளைப் பயமுறுத்தாதே என்று கையைக் காட்டுவார், நானும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. பாதியில் மடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடாமல் முழுதும் படி.

நம் ஊருக்குத் தண்ணீர் பரிசோதிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். உன் வயதுதான் இருக்கும், மூக்கைவிடப் பெரிய கண்ணாடி, தோளில் பை, பை நிறையக் குப்பிகள். ஒவ்வொரு அடிபம்பாகப் போய்த் தண்ணீர் பிடித்து, அதில் ஏதோ பொடியைப் போட்டு, மூடியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட்டுக் காத்திருப்பாள். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் கவலையில்லை, மஞ்சளாகிப் பழுப்பானால் கெட்ட தண்ணீர். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாக்கு இருக்கிறப்போ காகிதம் எதுக்கும்மா என்று கேட்டார், தெருவே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்குப் போர் போட்டவர் அவர். குழாய் இறங்க இறங்கச் செம்மண் வரும், களி வரும், பிறகு மாவு மாதிரி சாம்பல் நிற மணல் வரும், அங்கேதான் எப்போதும் நிறுத்துவார். கலங்கல் போய்த் தண்ணீர் தெளிந்ததும் முதல் வாய் அவருக்கு. கண்ணை மூடி வாய்க்குள் உருட்டுவார், வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், துப்பினால் குழாயைப் பிடுங்கி வேறு இடம், விழுங்கிவிட்டு இனிப்பு என்று சொன்னால் அந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்புச் சத்தம்தான். நாக்கு மேஸ்திரி என்று பேர் வந்ததும் அதனால்தானே. அந்த ஒரு சொல்லுக்கு மேல் இங்கே யாரும் எதையும் கேட்டதில்லை, நான் உட்பட. நீ பிறந்த வாரத்தில் நம் வாசலில் போட்ட பம்பைப் பாப்பா பம்பு என்று தெருவே கூப்பிடுகிறது, அதைவிட இனிப்பான தண்ணீர் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் அப்பா சொல்வார்.

அந்தப் பாப்பா பம்புத் தண்ணீரில்தான் காகிதம் கொதிக்க வைத்த டீத்தூள் நிறத்துக்குப் போயிற்று. அந்தப் பெண் புதுக் காகிதம் வைத்து மறுபடி பார்த்தாள், அதுவும் அப்படியே. ஒரு புட்டியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று நேராக நம் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆர்சனிக் என்று பேர் சொன்னாள், பழைய நாளில் பாஷாணம் என்பார்களே அந்த வகைதான். யாரும் கொண்டுவந்து கலக்கவில்லையாம், அப்பா நிறுத்துகிற அந்தச் சாம்பல் மணலிலேயே காலங்காலமாக இருந்து தண்ணீரில் இறங்குகிறதாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. ஒரு நாளில் ஒரு வாரத்தில் ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்து தோல், நுரையீரல், மூத்திரப்பை என்று ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகுமாம். நான் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்றேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, காய்ச்சினா கிருமி சாகும்மா, இது கிருமி இல்ல, தண்ணி ஆவியா போகும், இது போகாது, மிச்சம் இருக்கிற தண்ணியில கொஞ்சம் கூடுதலாத்தான் நிக்கும் என்றாள். பள்ளிக்கூடம் விட்டு நீ ஓடிவரும்போதெல்லாம் காய்ச்சின தண்ணியைக் குடிடி என்று நான் கத்தின கத்து இந்தச் சுவருக்கே மனப்பாடம். அதை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார எனக்கு இப்போது நேரம் இல்லை, செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

அவள் எங்கள் கைகளைக் காட்டச் சொன்னாள். என் கையில் லேசான சொரசொரப்பு, மார்புக்கு மேலே காய்ந்த மண்ணில் தூறல் விழுந்த மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், வெயிலால் வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவை. அப்பா கையை நீட்டவே இல்லை. பைப்பு பிடிச்ச கைம்மா, உழைச்ச கை காய்ச்சுத்தான் போகும் என்று சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். நான் பிடித்து இழுத்து விரித்தேன். விரல் அடியில் காய்ப்பு இருந்தால் சரி, பைப்பு அழுத்துகிற இடம். ஆனால் பாப்பா, பைப்பும் படாத ஸ்பேனரும் படாத உள்ளங்கைக் குழியில் அரிசிக் குருணை ஒட்டின மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. காலைப் பார்த்தால் தரையில் படாத பாதக் குழியிலும் அதேதான். கருவி படாத இடத்தில் காய்ப்பு எப்படி வரும் என்று கேட்டேன், அவர் கையை மடக்கி மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த நிமிஷம்தான் நீ போன வருஷம் போனில் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. கையெல்லாம் காய்ச்சுப் போச்சும்மா, இங்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சோப்பு அப்படி என்றாய். என் மகள் பாடுபட்டுச் சம்பாதிக்கிறாள் என்று நான் அதைப் பெருமையாக நாலு பேரிடம் வேறு சொல்லிவைத்தேன். காய்ச்சின தண்ணீரும் காய்ச்சுப்போன கையும் நம் வீட்டில் பெருமைக்குரிய விஷயங்கள் இல்லையா, அதனால்தான் ஒருத்தரும் கையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சரி, அப்புறம் நடந்ததைக் கேள். அந்தப் பெண் பாப்பா பம்பின் வாய்க்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனாள், சிவப்பு என்றால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது, துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம், பச்சை என்றால் குடிக்கலாம். மறுநாளே உன் அப்பா கடையில் பச்சைச் சாயம் வாங்கிவந்து அதன் மேல் அடித்துவிட்டார். உன் அத்தை அதற்கு ஒத்து ஊதினாள், என் தம்பி நாக்கு பொய் சொல்லாது, நேத்து வந்த பொண்ணு சொன்னா உடனே நம்பிடுவியா என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். நான் சண்டை போடவில்லை. பேருந்துப் பணிமனைக்குள் ஓர் ஆழமான கிணறு இருக்கிறது, அதை அந்தப் பெண் சோதித்து நல்லது என்று சொல்லியிருந்தாள், அங்கேயிருந்து குடத்தில் கொண்டுவந்து சமைக்க ஆரம்பித்தேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, நான் குடத்தோடு வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி பம்பை அடித்து, டம்ளர் டம்ளராகக் குடித்துக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வீம்பை நான் பார்த்ததில்லை, உன்னுடையதைத் தவிர.

அதற்குள் பள்ளிக்கூடத்துப் பம்பும் சிவப்பு என்று தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவள் நான், அரிசி தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்றார். எழுதுங்க சார், தாராளமா எழுதுங்க, ஆனா பதில் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியில நான் உலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்க, விஷயம் வீடுகளுக்குப் போக, பெற்றவர்கள் வந்து கூட, அவர் என்ன செய்வார், பணிமனைக்கு ஆள் அனுப்பிக் குடம் குடமாகத் தண்ணீர் வரவழைத்தார், ஒரு குடத்தைத் தானே தூக்கவும் தூக்கினார். அன்றைக்குச் சோறு தாமதம், கொஞ்சம் குழைந்தும் போயிற்று, ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை. இப்போது தினமும் வண்டியில் தண்ணீர் வருகிறது. சாருக்கு இன்னும் முதுகு வலி என்று கேள்வி, நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தையல் அக்காவை உனக்கு நினைவிருக்கும், உன் முதல் சீருடையைத் தைத்தவள். அவள் கையில் புள்ளி வந்து, ஒரு விரலில் புண்ணும் வந்து ஆறாமல் இருந்தது. அதைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் என்று எவரோ கிளப்பிவிட, துணி கொடுக்கிறவர்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். பரிசோதிக்கிற பெண்ணைக் கேட்டேன், தொட்டா வராதும்மா, குடிச்சாத்தான் வரும் என்றாள். அவ்வளவுதான், வீட்டில் இருந்த தலையணை உறை, திரைச்சீலை, உன் பழைய பாவாடை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பட்டப்பகலில் தெரு நடுவே நடந்து அவள் கடைக்குப் போய், சத்தமாகப் பேசி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மறுநாள் அவளைப் பெரிய மருத்துவமனைக்கும் கூட்டிப்போனேன். புண்ணிலிருந்து துளி எடுத்துச் சோதித்து, புற்றுநோய் தொடங்குகிற இடம்தான் என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தைத்துவிட்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் விரலே போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டே தைக்கிறாள், தையல் மட்டும் நேராகத்தான் போகிறது. தள்ளிப்போட்டிருந்தால் என்ற வார்த்தையை உனக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்ணும் தப்பவில்லை. பணிமனைக்குப் போகிற வழியில் இருக்கிற வயலில் மோட்டார் வைத்து அதே தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறார்கள். இந்தத் தடவை கதிர் முற்றியும் தலை சாயவே இல்லை, விறைத்து நின்றது, உருவிப் பார்த்தால் உள்ளே மணி இல்லை. வயல்காரர் விதைக்கடைக்காரரிடம் போய் மல்லுக்கு நின்றார். வருஷா வருஷம் பாய்ச்சிப் பாய்ச்சி மண்ணில் சேர்ந்துவிட்டது, பயிர் அதைத்தான் உறிஞ்சுகிறது என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். நம் அத்தை கதை இன்னும் வேடிக்கை. தம்பி நாக்குதான் பெரிசு என்று என்னிடம் அத்தனை பேசியவள், யாருக்கும் தெரியாமல், இந்த விஷத்தைப் பிடித்துவைக்கிற மணல் வடிகட்டி ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறாள். அதோடு விட்டாளா, வடிகட்டிக்குள்ளே அழுக்கேறின மணலைக் கொண்டுபோய்த் தன் கீரைப் பாத்திக்கு உரமாகக் கொட்டிவிட்டாள். தண்ணீரிலிருந்து பிரித்த விஷத்தைத் திரும்பத் தட்டுக்கே கொண்டுவரப் பார்த்த ஆள் உன் அத்தை ஒருத்திதான். பாத்தியைத் தோண்டி, மணலை மூட்டை கட்டி, அந்தப் பெண் சொன்ன இடத்தில் ஒப்படைத்தோம். கீரை போனதற்கு இன்னும் என்னோடு பேசவில்லை, பேசாமல் இருப்பது எனக்கும் ஓய்வாக இருக்கிறது.

உன் அப்பாவை வழிக்குக் கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் காலையில் மேசை மேல் மூன்று டம்ளர் வைத்தேன். ஒன்று பணிமனைத் தண்ணீர், ஒன்று தெருக்கோடி வீட்டுப் பம்புத் தண்ணீர், அதுவும் காகிதம் வெள்ளையாக இருந்ததுதான், மூன்றாவது நம் வாசல் தண்ணீர். எது எது என்று சொல்லவில்லை. இதுல ஒண்ணு விஷத் தண்ணி, உங்க நாக்கு கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடிச்சிட்டா நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய பரிசு. வாயைக் கொப்பளித்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, சபையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். முதல் டம்ளர், இரும்பு வாடை என்றார். இரண்டாவது, சப்பு என்றார். மூன்றாவதை வாயில் உருட்டிக் கண்ணை மூடி விழுங்கிவிட்டு, இதுதான் தண்ணி, இது இனிப்பு, அந்த ரெண்டுல ஒண்ணுதான் விஷம் என்றார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பாப்பா பம்பைக் காட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை, பாப்பா, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தன் இரண்டு கையையும் மேசை மேல் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வீட்டுல இனிப்புன்னு சொல்லியிருக்கேன் என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தெந்த வீடுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால எழுந்திருங்க என்றேன்.

எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணோடு தினமும் கிளம்பிவிடுகிறார். கொட்டகைக்குப் பின்னால், குளியலறைக்குள், மூடிப்போட்ட மூலையில் என்று அவளால் கண்டுபிடிக்க முடியாத பம்பையெல்லாம் இவர் நேராகப் போய்க் காட்டுகிறார். எல்லாமே சிவப்பாக இல்லை, பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே ஒன்று நல்லதாகவும் ஒன்று கெட்டதாகவும் இருக்கிறது, சோதிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று இப்போது ஊருக்கு அவரே பாடம் நடத்துகிறார். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தர் நாக்கு மேஸ்திரி நாக்கு இப்ப எங்க போச்சு என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். போட்டவன் நான்தாங்க, சிவப்பு அடிக்க வேண்டியவனும் நான்தான், கொஞ்சம் வழி விடுங்க என்று சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்தாராம், இதை அந்தப் பெண் என்னிடம் கண் கலங்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆழமான புதுப் போர் இறங்கிக்கொண்டிருக்கிறது. சாம்பல் மணலைத் தாண்டி, அதற்கும் அடியில் இருக்கிற இன்னொரு களி அடுக்கையும் தாண்டிப் போய், மேல் தண்ணீர் கீழே கசியாமல் சுற்றிலும் அடைத்து இறக்குகிறார்கள், அப்பாதான் முன்னால் நிற்கிறார். தண்ணீர் கிடைத்தாலும் சோதனை முடிவு வருவதற்கு முன்னால் யார் வாயிலும் படக்கூடாது என்று இவரே சட்டம் போட்டிருக்கிறார். பழக்கதோஷம், சோதனைக்குக் கொஞ்சம் தண்ணீர் இறைத்தபோது கை தானாக வாய்க்குப் போயிற்று, நான் தட்டிவிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பிறந்ததிலிருந்து வேலைக்குக் கிளம்பின நாள் வரைக்கும் பாப்பா பம்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். நீ வேலை செய்கிற இடமே மருத்துவமனை, சலவைக்கூடத்திலிருந்து மாடி ஏறினால் டாக்டர், இதற்கு மேல் எனக்கு நீ சாக்குச் சொல்லக் கூடாது. தோல் டாக்டரைப் பார். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீயே முந்திக்கொண்டு சொல்லாதே, களிம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆர்சனிக் இருந்த நிலத்தடித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தேன் என்று முதலில் சொல், அப்பா கையிலும் இருக்கிறது என்று சொல். உள்ளங்கைக் குழி, பாதக் குழி, மார்பு, முதுகு எல்லாம் காட்டு. விரல் மரத்துப்போகிறதா, இருமல் விடாமல் இருக்கிறதா என்று கேட்டால் வீரம் காட்டாமல் உள்ளதைச் சொல். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொன்னால் பார். பயப்படுவதற்காக எழுதவில்லை, அந்தத் தண்ணீரை விடுவதுதான் முதல் வைத்தியம் என்கிறார்கள், அதை நீ ஊரை விட்ட அன்றைக்கே விட்டுவிட்டாய். வேளைக்குச் சாப்பிடு, காய்கறி சேர்த்துக்கொள். லீவு கிடைத்தால் தாராளமாக வா, பணிமனைத் தண்ணீர் உனக்காகத் தனிக் குடத்தில் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா உள்ளே வந்தார், கையெல்லாம் சிவப்பு. ஊரிலுள்ள கெட்ட பம்பு எல்லாவற்றுக்கும் அடித்து முடித்துவிட்டு, கடைசியாக மிச்சம் வைத்திருந்த பாப்பா பம்பின் பச்சையைச் சுரண்டி இப்போதுதான் சிவப்பு அடித்துவிட்டு வருகிறார். யாருக்கு எழுதுறே என்று கேட்டார், சொன்னேன். பயமுறுத்தாதே என்பார் என்று நானும் சண்டைக்குத் தயாராக இருந்தேன். எழுது என்றார். தானும் நாலு வரி எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாயால சொன்னா சோப்புன்னு சொல்லிடுவா, பக்கத்துல வச்சுப் பார்க்கச் சொல்லு என்று தாளைத் திருப்பி, ஈரச் சாயத்தோடு தன் வலது உள்ளங்கையை அதன் மேல் அழுத்தமாக வைத்தார். தாளின் பின்பக்கம் இருப்பது அதுதான். முடிச்சு இருக்கிற இடமெல்லாம் சாயம் அடர்த்தியாக விழுந்திருக்கிறது, நன்றாகத் தெரியும்.

நோய் நொடி உன்னை அண்டாமல், நீ நூறு வயது நிறைவாக வாழ வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். மறந்துவிடாதே, படித்து முடித்ததும் தாளைத் திருப்பி அப்பா கைக்குப் பக்கத்தில் உன் கையை வைத்துப் பார், பார்த்துவிட்டு அப்படியே மாடி ஏறு.

உன் கைக்காகக் காத்திருக்கும்
அம்மா